உயிர் எடை

அக்டோபர் 29, ஞாயிறு

அக்காவின் வளையல்கள் சத்தம் போடவில்லை. காலையில் அவள் குடத்தைத் தூக்கியபோதுதான் கவனித்தேன். வளைகாப்பில் இரண்டு கைக்கும் நாற்பத்தொரு வளையல் போட்டார்கள். போன வாரம் வரை அவள் அடுப்படியில் திரும்பினாலே கடை வரைக்கும் கேட்கும். இப்போது ஒவ்வொன்றும் சதையில் பதிந்து அசையாமல் நிற்கிறது.

"கை வீங்கியிருக்காக்கா?"

"சதை போட்டிருக்குடி. கறிக்கடைக்காரன் பொண்டாட்டி வேற எப்படி இருப்பா?"

இந்த நோட்டை அக்காதான் தந்தாள். "வாயத் தொறந்துதான் பேச மாட்டேங்கிற நாகு, இதுலயாச்சும் பேசு" என்றாள். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். நான் நாகஜோதி. வயது பதினாறு. அம்மா படுத்த படுக்கையானபோது ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அப்பா இடுக்கியில் ஏலத்தோட்ட வேலை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போக வேண்டும். எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. அதனால் அக்கா இங்கேயே இருக்கிறாள், நான் வந்துவிட்டேன். அக்காவுக்கு எட்டாம் மாதம்.

புரட்டாசி முடிந்ததும் ஊரே கறிக்கு அலைகிறது. இன்று ஒன்பது ஆடு. ஒன்பது தலை வாட்டினேன். குடலைத் திருப்பிச் சுண்ணாம்பு போட்டு மூன்று தண்ணீரில் அலசினேன். கை இன்னும் வழுவழு என்றிருக்கிறது.

அக்டோபர் 31, செவ்வாய்

சாயங்காலம் மாமா அக்காவை ஆட்டுத் தராசில் ஏற்றினார். கடைக்குப் பின்னால் இருக்கும் பலகைத் தராசு. அதில்தான் ஆட்டை உயிரோடு நிறுத்து வாங்குவார்கள். அதற்கு உயிர் எடை என்று பெயர். அக்காவை வாரம் ஒரு தடவை நிறுத்துவது மாமாவுக்கு விளையாட்டு. கூட்டாளி வீரணனோடு பந்தயம் கட்டுவார்.

"அறுபத்தாறு! போன வாரம் அறுபத்து மூணு. எந்தக் கெடாப்பா ஏழு நாள்ல மூணு கிலோ ஏறும்?"

"கொடியரசா, தீபாவளிக்கு வேற ஆடே வேணாம்டா" என்றார் வீரணன் மாமாவிடம்.

அக்கா இறங்கப் பார்த்தாள். மாமா பிடரியைப் பிடித்து நிறுத்தினார். முள் ஆடி நிற்கும் வரை விடவில்லை. அத்தைக்கு ஒரே பெருமை. அக்காவின் மாமியாரைத்தான் அத்தை என்கிறேன். "எல்லாம் நம்ம வீட்டு சுவரொட்டி செய்யிற வேலை" என்றார். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். தினமும் ஒன்றைச் சுட்டு, உப்பும் மிளகும் தூவி அக்காவுக்குக் கொடுக்கிறார். ரத்தம் ஊறுமாம்.

நவம்பர் 1, புதன்

அக்கா குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடது கண்ணுக்கு மேலே வீக்கம்.

நவம்பர் 2, வியாழன்

நேற்று எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. நேற்று மோட்டார் ஓடவில்லை. குளிக்கிற இடம் நாள் முழுக்கக் காய்ந்து கிடந்தது.

இன்று ஆட்டுச் சந்தை. கயிறு பிடிக்க மாமா என்னைக் கூட்டிப்போனார். ஒரு வியாபாரி கொண்டுவந்த கறுப்புக் கிடா பார்க்க நன்றாக இருந்தது. வயிறு புடைத்து, தோல் மினுமினுத்தது. மாமா அதன் முன்னங்காலைத் தூக்கி, விலாவில் காதை வைத்து ஒரு உலுக்கு உலுக்கினார். உள்ளே களக் களக் என்று எனக்கே கேட்டது.

"ஏண்டா, உப்பத் திங்கக் குடுத்துத் தண்ணி காட்டி ஓட்டிட்டு வாரியா? மூணு கிலோ தண்ணிக்கு எங்கிட்ட கறி விலையா?"

"வாய்க்கு வந்ததப் பேசாதண்ணே. மேய்ச்சல்ல வளந்த ஆடு."

மாமா கயிற்றின் முடிச்சு முனையால் அவர் வாயில் அடித்தார். பல் உடைந்தது. அவர் குனிந்து மண்ணில் பல்லைத் தேடியபோது முதுகில் மிதித்தார். யாரும் பிடிக்கவில்லை. கிடா அதே இடத்தில் நின்று நெடுநேரம் மூத்திரம் பெய்தது. வரும் வழியெல்லாம் மாமா சந்தோஷமாக இருந்தார். "ஏமாத்த முடியுமா நம்மள? வீக்கம் வேற, சதை வேற" என்றார்.

நவம்பர் 3, வெள்ளி

கிராம நர்ஸ் எஸ்தர் அக்கா வந்தார். அக்காவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். முகம் மாறியது. இன்னொரு தடவை பார்த்தார்.

"நூத்தி அம்பத்தாறு, நூத்தி நாலு" என்று அட்டையில் எழுதினார். பிறகு கட்டைவிரலால் அக்காவின் கணுக்காலுக்கு மேலே அழுத்திப் பிடித்து எடுத்தார். குழி அப்படியே நின்றது. ஒரு புளியங்கொட்டையை அதில் வைக்கலாம்.

"இது சதை இல்ல செல்வி, நீர். சிறுநீரச் சோதிச்சதுல புரதமும் நெறயப் போகுது. தலை வலிக்குதா? கண்ணு முன்னாடி பூச்சி பறக்குதா?"

அக்கா அத்தையைப் பார்த்தாள். "தலைதான் வலிக்கு. விழுந்ததுல அடிபட்டுச்சுல்ல, அந்த வலி."

"எங்க விழுந்த?"

"குளிக்கிற எடத்துல."

எஸ்தர் அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ரத்தம் கூடிப்போச்சுன்னுதான சொல்றீக?" என்றார் அத்தை. "அது நல்லதுதான?"

"கூடுனது ரத்தம் இல்லம்மா, அழுத்தம். நஞ்சுக்கொடிக்குப் போற குழாயெல்லாம் சுருங்கிக் கெடக்கு. பிள்ளைக்குக் காத்து பத்தாது, தாய்க்கு வலிப்பு வரும். இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மாமா கத்தியைத் துடைத்துக்கொண்டே வந்தார். "தீபாவளி முடியட்டும் சிஸ்டர். மறுநா திங்கக்கெழம நானே கூட்டிட்டுப் போறேன்."

"அதுவரைக்கும் தாங்காது."

"எங்க வம்சத்துல வலிப்பே கெடையாது, போங்க."

எஸ்தர் அக்கா தந்த மாத்திரையை அத்தை பரணில் போட்டுவிட்டார்.

நவம்பர் 4, சனி

எஸ்தர் அக்கா மாமாவுக்குப் போன் செய்தார். மாமா "ஆஸ்பத்திரிலதான் இருக்கோம் சிஸ்டர்" என்றார். அப்போது அவர் கடையில் ஆட்டுத் தொடை வெட்டிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 5, ஞாயிறு

இன்று நான் பேசினேன். காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்து, கடையில் கூட்டம் குறைந்ததும் போய் நின்றேன்.

"மாமா, சந்தையில பாத்த ஆடு மாதிரிதான் மாமா. அக்கா உடம்புல ஏறுனது தண்ணி."

வீரணன் வாய்விட்டுச் சிரித்தார். "ஏப்பா, ஆடு பாக்க ஒனக்கே கொழுந்தியா பாடம் எடுக்குறாளா?"

மாமாவும் சிரித்தார். கடையைச் சாத்திய பிறகு சிரிக்கவில்லை. என் சடையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஆடு உரிக்கும் கொக்கி வரை இழுத்துப் போனார். என் முகத்தைக் கொக்கிக்கு அருகில் வைத்து, "நாலு பேர் முன்னால பேசுவியா? பேசுவியா?" என்று கேட்டார். அக்கா ஓடிவந்து நடுவில் நின்றாள். அதன்பிறகு விழுந்த அடியெல்லாம் அவளுக்கு. ஆட்டுக் கயிற்றால் முதுகில் நான்கு, தொடையில் இரண்டு. வயிற்றில் படாமல் இருக்க அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அத்தை அடுப்படியிலிருந்து, "வகுத்துல அடிச்சிராதடா" என்று மட்டும் சொன்னார்.

இதைக் குளிக்கிற இடம் என்று நான் எழுதப்போவதில்லை.

நவம்பர் 7, செவ்வாய்

எடை அறுபத்தொன்பது.

மாமா தீபாவளிக்குத் துணி எடுத்து வந்தார். அக்காவுக்கு நைட்டி. எனக்குச் சரிகை வைத்த சுடிதார். என்னுடையதுதான் விலை கூடியது. போட்டுக் காட்டச் சொன்னார். தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். வலிக்கவில்லை.

நவம்பர் 9, வியாழன்

அக்கா கண்ணுக்குள் மத்தாப்புக் கொளுத்துகிற மாதிரி இருக்கிறது என்கிறாள். கொத்தமல்லியையும் புதினாவையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நவம்பர் 11, சனி

நாளைக்கு இருபத்திரண்டு ஆடு. கொட்டிலில் நிற்க இடமில்லை. ஒன்றையொன்று முட்டுகின்றன.

மத்தியானம் அக்கா வலது விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பச்சையாக வாந்தி எடுத்தாள். அத்தை வாய்வு என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார். நான் அக்காவின் போனை எடுத்து எஸ்தர் அக்காவின் எண்ணைத் தேடினேன். மாமா பின்னால் நின்றதைக் கவனிக்கவில்லை. போனைப் பிடுங்கிக் குடல் அலசும் வாளியில் போட்டார். பிறகு என் கையையும் பிடித்து அதே வாளிக்குள் அமுக்கினார். "எடு பாப்போம்" என்றார். தண்ணீரில் சுண்ணாம்பு கலந்திருந்தது. விரல் நுனியெல்லாம் வெந்து உரிகிறது. பேனாவைப் பிடிக்க எரிகிறது.

நவம்பர் 13, திங்கள். ஆஸ்பத்திரி

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

தீபாவளி. விடிவதற்குள் தெரு முழுக்க வெடி. கடை முன்னால் அறுபது பேர் நின்றார்கள். எட்டு மணி இருக்கும். வீரணன் வேடிக்கைக்காக, "தீபாவளி எடை எவ்வளவுப்பா?" என்று கேட்டார். மாமா உள்ளே வந்து அக்காவை எழுப்பினார்.

"கண்ணு தெரியலங்க. விடுங்க" என்றாள் அக்கா.

"நாலு எட்டு நடக்கக் கண்ணு எதுக்கு?"

கையைப் பிடித்துக் கடைக்கு இழுத்து வந்தார். அக்கா வெட்டுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். தராசில் ஏற மாட்டேன் என்றாள். அத்தனை பேர் முன்னால் அவள் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மாமா புறங்கையால் கன்னத்தில் அறைந்தார்.

அக்கா உடனே விழவில்லை. முகம் ஒரு பக்கமாகக் கோணியது. கண் மேலே செருகியது. உடம்பு பலகை மாதிரி விறைத்து, பிறகுதான் சாய்ந்தாள். தரையில் ஆட்டு ரத்தத்தில் கிடந்து உதறினாள். பல் நாக்கைக் கடித்துக்கொண்டது. வாயிலிருந்து சிவப்பாக நுரை வந்தது. தலை தரையில் இடித்துக்கொண்டே இருந்தது. கை உதறிய வேகத்தில் வளையல்கள் ஒவ்வொன்றாக உடைந்தன.

"வலிப்புய்யா! கையில இரும்பக் குடுங்க!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

வலிப்பு வந்தால் சாவியோ கம்பியோ கொடுப்பார்கள். கறிக்கடையில் கைக்கு எட்டிய இரும்பு கத்திதான். மாமா கையில் அதுதான் இருந்தது. அவர் யோசிக்கவே இல்லை. வெட்டுக்கத்தியை அக்காவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். அந்தக் கை உதறியது. கத்தி அவள் தோளைக் கீறியது, தொடையில் இறங்கியது, மறுபடி வயிற்றுப் பக்கம் வந்தது. அறுபது பேரும் பின்னால் நகர்ந்தார்கள். நான் அவள் மேல் விழுந்து கத்தியைப் பிடித்தேன். எந்தப் பக்கம் பிடித்தேன் என்று பார்க்கவில்லை. என் உள்ளங்கையில் ஆறு தையல்.

கத்தியை வெளியே எறிந்துவிட்டு, முன்னால் நின்றவர் சட்டைப்பையிலிருந்த போனை நானே எடுத்தேன். அவர் யாரென்று தெரியாது. நூற்றெட்டை அழுத்தினேன். தெரியாதவர்களோடு போனில் நான் பேசியதே கிடையாது. வெடிச் சத்தத்தில் நான்கு தடவை கத்திச் சொன்னேன். "எட்டு மாசம். வலிப்பு. ரத்தம்." என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது.

வண்டியில் இன்னொரு தடவை வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அடக்கி, வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். எடையைச் சொன்னார்கள். நான் அதை எழுதவில்லை.

அக்கா கண் திறக்கவில்லை.

நவம்பர் 14, செவ்வாய்

கொடியைப் புதைக்க வேண்டும், கேட்டு வாங்கி வா என்று அத்தை என்னை அனுப்பினார். டாக்டர் ஹசீனா அறுவை செய்தவர்களில் ஒருவர், சின்ன வயது. நஞ்சுக்கொடியைத் தகட்டில் வைத்திருந்தார். படிப்புக்காகச் சின்னத் துண்டுகள் எடுத்திருந்தார்.

பார்த்ததும் என்னையறியாமல் சொல்லிவிட்டேன். "ஈரல் இப்படி இருந்தா நாங்க விக்க மாட்டோம்."

"ஏன்?" என்றார் டாக்டர்.

"நல்லது ஒரே நெறமா, தொட்டா துவளும். இதுல வெள்ள வெள்ளயாத் திட்டு இருக்கு. அந்த எடமெல்லாம் கல்லு மாதிரி. ஓரத்துல ரத்தம் உறைஞ்சிருக்கு. அளவும் சிறுசு."

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியைக் காட்டினார். நான் நின்றேன்.

"பனியன் கம்பெனி பாத்திருக்கியா? தச்சதை மடிச்சு அடுக்குற ஆளுங்க இருப்பாங்கல்ல. கொடியில இருக்க ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அப்படி ஒரு எடம் இருக்கு. புரதத்தை மடிச்சு அனுப்புற எடம். கரண்டு விட்டு விட்டு வந்தா என்ன ஆகும்? மடிப்பு கோணும். கோணுனது குவியும். இங்க கரண்டுன்னா ரத்தத்துல வர்ற காத்து. அது ஒழுங்கா வரல. செல்லு உடனே சாகாது. மொதல்ல புதுசா வர்ற வேலையைக் கொறைக்கும். மடிக்க ஆள் கூட்டும். கோணுனதை அள்ளி வெளிய தள்ளும். தாங்கிப் பாக்கும். அதுக்கும் மேல போனா தன்னையே கொன்னுக்கும். அப்படிச் செத்த எடந்தான் நீ காட்டுன திட்டு."

"செத்தது எங்க போகும்?"

"அதோட துணுக்கெல்லாம் அம்மா ரத்தத்துல கலக்கும். ரத்தம் போற எடமெல்லாம் குழாய் புண்ணாகும். கிட்னி, ஈரல், கடைசியில மூளை."

"எப்ப இருந்து?"

"தொடக்கம் மூணு நாலு மாசத்துலயே. வெளிய ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

கொடியை வாங்கக் கொண்டுவந்த பாத்திரத்தைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தேன். பிறகு கேட்டேன். "அடிச்சா இது வருமா டாக்டர்?"

"அடியாலதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. அடியே வாங்காதவங்களுக்கும் இது வரும்." பிறகு, "யார் அடிச்சா?" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். வாசலில் மாமாவின் செருப்புத் தெரிந்தது.

நவம்பர் 16, வியாழன்

கத்திக் காயம் என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஏட்டம்மா வந்தார். மாமா கைகட்டி நின்று, "டாக்டரே சொல்லிட்டாங்கம்மா, கொடியிலதான் கோளாறுன்னு. வலிப்புல கத்தி மேல விழுந்துட்டா. முதுகுல இருக்கதெல்லாம் தரையில பொரண்டது" என்றார். அழுதார். கண்ணீர் நிஜமாகவே வந்தது.

"நீ பக்கத்துல இருந்தியாம்மா?" என்று ஏட்டம்மா என்னைக் கேட்டார். எனக்கு முன்னால் அத்தை பதில் சொன்னார். "அது வாயில்லாப் பூச்சிங்க."

மத்தியானம் அப்பா இடுக்கியிலிருந்து வந்தார். அத்தை அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் போகவில்லை. என் முன்னால்தான் சொன்னார். "செல்வி பொழச்சா சந்தோசம்ண்ணே. இல்லன்னா இந்தப் பச்சப்பிள்ளைய யாரு பாப்பா? சின்னவதான். சொந்தம் விட்டுப் போகக் கூடாது."

அப்பா தலையாட்டினார். முகத்தில் ஈ உட்கார்ந்திருக்கும், அதை விரட்டத்தான் ஆட்டினார் என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டியில் பாப்பாவுக்கு மூக்கில் குழாய். என் விரலைப் பிடித்தது. தோல் உரிந்த விரல். எரிந்தது. எடுக்கவில்லை.

நவம்பர் 17, வெள்ளி

அக்கா கண் திறந்தாள்.

நவம்பர் 19, ஞாயிறு

அக்காவுக்கு என்னைத் தெரிகிறது, அப்பாவைத் தெரிகிறது. தீபாவளி வந்ததே தெரியவில்லை. மாமாவும் நானும் சந்தைக்குப் போன வாரத்திலிருந்து எதுவும் ஞாபகமில்லை. மூளை வீங்கினால் அப்படி ஆகும் என்றார் டாக்டர் ஹசீனா.

மாமா இரண்டு நாளாக அவளுக்குக் கஞ்சி ஊட்டுகிறார். உதட்டைத் துடைத்துவிடுகிறார். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு வரி சொல்கிறார். "கொடியில கோளாறு செல்வி. வலிப்பு வந்து விழுந்துட்ட. நான்தான் தூக்கிட்டு ஓடியாந்தேன்." அக்கா தலையசைக்கிறாள்.

அவர் டீ குடிக்கப் போனதும், "மாமா பாவம்டி, இளைச்சுட்டாரு" என்றாள். "முதுகு மட்டும் ஏன் நாகு இப்படி எரியுது?"

நான் வாயைத் திறந்தேன். அப்பா, "சும்மா இருடி" என்றார். "ஒண்ணு கட்டில்ல கெடக்கு, ஒண்ணு பெட்டில கெடக்கு. ஒன்னையும் சேத்து நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

புதன்கிழமை அக்காவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மாமாவின் வீட்டுக்கு.

நவம்பர் 20, திங்கள்

காலையில் குழாயடியில் துணி அலசும்போது சொல்லிப் பார்த்தேன். நோய் கொடியிலிருந்து வந்தது. கயிற்றுத் தடம் கொடியிலிருந்து வரவில்லை. கத்தி கொடியிலிருந்து வரவில்லை. இரண்டு தடவை சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்த யாரோ ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். மூன்றாம் தடவையும் சொன்னேன்.

பத்து மணிக்கு ஏட்டம்மா மறுபடி வந்தார். அக்காவைச் சக்கர நாற்காலியில் நர்சுகளின் சின்ன அறைக்குக் கொண்டுபோனார்கள். நானும் அப்பாவும் கூடப் போனோம். ஏட்டம்மா எழுதி வைத்திருந்ததைப் படித்தார்.

"வலிப்பு வந்து தானாக விழுந்ததில் அடிபட்டது. யார் மீதும் சந்தேகம் இல்லை. சரியாம்மா?"

"அவரு அப்படித்தான் சொன்னாரு" என்றாள் அக்கா.

"அவர் சொன்னது இருக்கட்டும். ஒனக்கு?"

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லங்க."

வளையல் கீறிய வலது கையில் கட்டு இருந்ததால், கையெழுத்துக்குப் பதிலாக இடது பெருவிரலில் மை தடவினார்கள். அக்கா விரலைக் காகிதத்துக்கு மேலே கொண்டுபோனாள். மாமா பிளாஸ்க்கோடு வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு காலை உள்ளே வைத்தார்.

நான் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். எழுந்துபோய், மாமாவின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து வெளியே தள்ளினேன். தையல் பிரிந்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பிறகு ஏட்டம்மாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன்.